இழப்பைத் தேடிய வரலாறு: நிறமூர்த்தக் குறைவும் குருதிப் புற்றுநோயும்

1

விஞ்ஞான வரலாறு பற்றித் தமிழில் எழுதப்படும் கட்டுரைகள் பெரும்பாலும் மேதைகளின் வாழ்க்கைச் சரிதங்களாக அமைந்துவிடுகின்றன. அறிஞர் ஒருவர் தோன்றுகிறார்; பிறர் காணாததைக் காண்கிறார்; முதலில் எள்ளி நகையாடிய உலகம் பின்னர் ஏற்றுக்கொள்கிறது. இவ்வகை வரலாறு வாசகருக்கு வியப்பை ஊட்டலாம், விளக்கத்தை ஊட்டுவதில்லை. ஒரு கருத்துத் தோன்றுவதற்கு எவ்வெக் கருவிகள் வேண்டியிருந்தன, அக்கருத்து ஏன் அரை நூற்றாண்டு உறங்கிக் கிடந்தது, பிழையான முடிவுகளும் எவ்வாறு சரியான பாதைக்கு இட்டுச் சென்றன, ஈற்றில் அவ்வறிவு யாருக்குப் பயன்பட்டது என்னும் வினாக்கள் அங்கு எழுவதில்லை.

குருதிப் புற்றுநோய்களில் நிறமூர்த்தங்களின் துண்டுகள் இழக்கப்படுவதையும், அவ்வாறு இழக்கப்பட்ட துண்டுகளில் புற்றடக்கும் பரம்பரையலகுகளைத் தேடிய முயற்சியையும் மேற்கூறிய வினாக்களின் ஒளியில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நிறமூர்த்தம் என நாம் வழங்குவதைத் தமிழகத்தார் குரோமோசோம் என்பர். பரம்பரையலகு என்பதை மரபணு என்பர். சொற்கள் வேறுபடினும் பொருள் ஒன்றே.

இப்பொருள் ஆய்வுகூடத்துக்கு மட்டும் உரியதன்று. களனி கங்கை கடலோடு கலக்கும் முகத்துவாரத்திலும், அதனை அடுத்த கொட்டாஞ்சேனையிலும் துறைமுகத் தொழிலாளரும் மீனவரும் சிறுவணிகரும் செறிந்து வாழ்கின்றனர். இப்பகுதியில் ஒருவருக்குக் குருதிப் புற்றுநோய் எனச் சந்தேகம் எழுமாயின், அவர் புறக்கோட்டைக்கு வந்து, அங்கிருந்து 138ஆம் இலக்கப் பேருந்தில் நகரின் மறு எல்லையையும் கடந்து மகரகம செல்ல வேண்டும். அப்பயணத்தின் முடிவில் அவர் எதிர்கொள்ளும் வினா, ‘எனது நோய் எது?’ என்பது மட்டுமன்று. ‘ஒரே பெயர் கொண்ட நோயினால் ஒருவர் பத்தாண்டு வாழ, மற்றவர் ஏன் இரண்டாண்டில் இறக்கிறார்?’ என்பதுமாகும். நிறமூர்த்த இழப்பின் வரலாறு இவ்வினாவுக்கு விடைதேடிய வரலாறேயாகும்.

2

புற்றுநோய்க்கும் நிறமூர்த்தங்களுக்கும் உள்ள தொடர்பை முதன்முதலில் ஒரு கோட்பாடாக வகுத்தவர் ஜேர்மனிய உயிரியலாளர் தியோடோர் பொவெரி ஆவார். அவர் ஆராய்ந்தது புற்றுநோயை அன்று. கடல் முள்ளிகளின் முட்டைகளையே ஆராய்ந்தார். ஒரு முட்டையை இரண்டு விந்துக்கள் ஒருங்கே கருக்கட்டும்போது நிறமூர்த்தங்கள் மகட்கலங்களிடையே ஒழுங்கின்றிப் பகிரப்படுவதையும், அதன் விளைவாக முளையங்கள் சிதைவதையும் அவர் கண்டார். ஒவ்வொரு நிறமூர்த்தத்துக்கும் தனக்கென ஒரு பணி உண்டு என்னும் முடிவு இதிலிருந்து பெறப்பட்டது. 1914ஆம் ஆண்டு வெளியிட்ட சிறு நூலில் அவர் இம்முடிவைப் புற்றுநோய்க்கு விரித்தார். கலப்பிரிவைத் தூண்டும் நிறமூர்த்தங்கள் மிகுவதாலோ, கலப்பிரிவைத் தடுக்கும் நிறமூர்த்தங்கள் இழக்கப்படுவதாலோ கலம் கட்டுப்பாட்டை மீறிப் பெருகலாம் என்பது அவரது கருதுகோள். புற்றடக்கும் பரம்பரையலகு என்னும் எண்ணத்தின் வித்து இங்கேயே இடப்பட்டது.

ஆயினும் அவ்வித்து முளைக்க அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலம் சென்றது. பொவெரி மறு ஆண்டே, 1915இல், மறைந்தார். ஆனால் தாமதத்துக்குக் காரணம் அவரது மறைவு அன்று. மனிதக் கலத்தில் நிறமூர்த்தங்கள் எத்தனை என்பதையே அக்காலத்தில் எவரும் திட்டமாக அறியவில்லை. 1923 முதல் அவ்வெண் 48 எனவே நம்பப்பட்டது. எண்ணிக்கையே பிழையாக இருந்த நிலையில், ஒரு துண்டு குறைந்ததா கூடியதா என்று கூறுவது எங்ஙனம்? கோட்பாடு முந்திச் செல்ல, கருவி பிந்தி வந்தது.

கருவி வந்த விதமும் மனங்கொள்ளத்தக்கது. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ரி. சி. சூ என்பார், ஆய்வுகூடத்தில் தவறுதலாகச் செறிவு குறைந்து தயாரிக்கப்பட்ட உப்புக் கரைசலில் கலங்கள் பருத்து, அவற்றின் நிறமூர்த்தங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாது விரிந்து கிடப்பதைக் கண்டார். இம்முறையைத் திருத்தமாகக் கையாண்டு, சுவீடனின் லுண்ட் நகரில் ஜோ ஹின் ஜியோவும் அல்பேட் லெவானும் மனித நிறமூர்த்தங்கள் 46 என்பதை நிறுவி 1956இல் வெளியிட்டனர். ஜியோ சாவகத் தீவிற் பிறந்து, இரண்டாம் உலகப் போரில் யப்பானியரின் சிறைமுகாமில் அடைபட்டிருந்தவர். விஞ்ஞானம் ஐரோப்பியரின் தனியுடைமை என்று கருதுவோர் இவ்வுண்மையை நினைவிற் கொள்ளல் நன்று.

3

எண்ணிக்கை தெளிந்து நான்கு ஆண்டுகளில் முதற் பயன் கிட்டியது. பிலடெல்பியா நகரில் நோயியலாளர் பீற்றர் நோவெல், தாம் வளர்த்த வெண்குழியங்களைக் குழாய் நீரினாற் கழுவியபோது நிறமூர்த்தங்கள் தெளிவாக விரிந்தன. அதே நகரில் நிறமூர்த்தங்களை ஆராய்ந்துகொண்டிருந்த டேவிட் ஹங்கபோட் அவருடன் இணைந்தார். நாட்பட்ட மச்சைவழி வெண்குருதிப் புற்றுநோய் கொண்டோரின் கலங்களில், வழமைக்கு மாறாகக் குறுகிய ஒரு நிறமூர்த்தம் காணப்படுவதை இருவரும் 1960இல் அறிவித்தனர். பிலடெல்பியா நிறமூர்த்தம் என அது பெயர்பெற்றது. ஒரு குறிப்பிட்ட புற்றுநோயோடு ஒரு குறிப்பிட்ட நிறமூர்த்த மாற்றம் தொடர்புபடுத்தப்பட்டது அதுவே முதன்முறை.

குறுகிய நிறமூர்த்தத்தைக் கண்டோர் அதன் ஒரு பகுதி இழக்கப்பட்டதாகவே கருதியது இயல்பே. பொவெரி கூறிய தடுக்கும் காரணி இழந்த துண்டில் இருந்திருக்கலாம் என எண்ணவும் இடமிருந்தது. ஆனால் அது பிழை என்பது பதின்மூன்று ஆண்டுகளின் பின்னரே தெரியவந்தது. 1960களின் பிற்பகுதியில் சுவீடனில் காஸ்பேர்சன் குழுவினர், ஒளிரும் சாயத்தால் நிறமூர்த்தங்களில் பட்டைகளை வெளிப்படுத்தும் முறையை வகுத்தனர். அம்முறையைக் கைக்கொண்ட சிக்காகோ மருத்துவர் ஜனெற் றௌலி, தாம் எடுத்த ஒளிப்படங்களிலிருந்து நிறமூர்த்தங்களை வெட்டி, வீட்டு உணவு மேசையில் அடுக்கி ஒப்பிட்டார். நான்கு பிள்ளைகளின் தாயாகிய அவர் நெடுங்காலம் பகுதிநேர ஆய்வாளராகவே பணியாற்றியவர். 22ஆம் நிறமூர்த்தத்திலிருந்து போன துண்டு மறையவில்லை. அது 9ஆம் நிறமூர்த்தத்தின் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தது. இழப்பு எனக் கருதப்பட்டது உண்மையில் இடமாற்றம் என்பதை அவர் 1973இல் வெளியிட்டார். 1980களில் அவ்விடமாற்றத்தால் இரு பரம்பரையலகுகள் ஒன்றிணைந்து, இடையறாது கலப்பிரிவைத் தூண்டும் ஒரு நொதியத்தை உண்டாக்குவது தெளிவாயிற்று. அந்நொதியத்தைத் தடுக்கும் இமற்றினிப் என்னும் மருந்து 2001இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது.

ஆகவே, இழப்பைத் தேடிய வரலாற்றின் முதல் அத்தியாயம் இழப்பு அல்லாத ஒன்றின் கண்டுபிடிப்பில் முடிந்தது. எனினும் இதனைத் தோல்வி எனல் பொருந்தாது. நுணுக்குக்காட்டியின் கீழ்க் குறுகித் தோன்றும் ஒன்று உண்மையில் இழப்பா, இடமாற்றமா என்பதைப் பட்டைகளைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்னும் ஒழுக்கத்தை அது ஆய்வாளருக்குக் கற்பித்தது.

4

இழப்பு என்னும் கருத்து வேறிரு திசைகளிலிருந்து வலுப்பெற்றது. 1969இல் ஒக்ஸ்போட்டில் ஹென்றி ஹரிஸ் குழுவினர் புற்றுக் கலங்களை இயல்பான கலங்களோடு இணைத்துக் கலப்புக் கலங்களை உருவாக்கினர். புற்றுத்தன்மையே ஓங்கும் எனப் பலர் எதிர்பார்த்திருக்க, கலப்புக் கலங்கள் அடக்கமாயிருந்தன. சில நிறமூர்த்தங்களை இழந்த பின்னரே மீண்டும் புற்றாயின. இயல்பான கலத்தில் புற்றை அடக்கும் ஏதோவொன்று உண்டு என்பது இதனாற் புலனாயிற்று.

இரண்டாவது சான்று எவ்விதப் புதிய கருவியும் இன்றி, கணக்கியலால் மட்டும் பெறப்பட்டது. அமெரிக்காவின் ஹூஸ்ரன் நகரில் குழந்தை மருத்துவர் அல்பிரட் நட்சன், விழித்திரைப் புற்றுக்கு ஆளான 48 குழந்தைகளின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்தார். பரம்பரையாக நோய்பெற்ற குழந்தைகளுக்கு அது இளமையிலேயே, பெரும்பாலும் இரு கண்களிலும் தோன்றியது. ஏனையோருக்குச் சற்றுப் பிந்தி, ஒரு கண்ணில் மட்டும் தோன்றியது. இவ்வேறுபாட்டை விளக்க, நோய்க்கு இரண்டு தாக்கங்கள் வேண்டும் என்னும் கருதுகோளை 1971இல் அவர் முன்வைத்தார். ஒவ்வொரு பரம்பரையலகும் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என இரு பிரதிகளாக உள்ளது. முன்னவர் பழுதுற்ற ஒரு பிரதியுடன் பிறக்கின்றனர். அவர்களுக்கு இன்னும் ஒரு தாக்கமே போதும். பின்னவருக்கு இரண்டும் வாழ்நாளில் நிகழ வேண்டும்.

இக்கருதுகோளின் வழியே 13ஆம் நிறமூர்த்தத்தின் நெடும்புயத்தில் ஆய்வாளரின் கவனம் குவிந்தது. சில நோயாளரில் அங்கு சிறு துண்டொன்று இழக்கப்பட்டிருப்பது 1978இல் நுணுக்கமாகக் காட்டப்பட்டது; 1986இல் அவ்விடத்திலிருந்து முதலாவது புற்றடக்கும் பரம்பரையலகு பிரித்தெடுக்கப்பட்டது. இதற்கிடையே, 1979இல் கண்டறியப்பட்ட பி53 என்னும் புரதம் பத்தாண்டு காலம் புற்றைத் தூண்டுவது எனவே நம்பப்பட்டு, 1989இல் புற்றை அடக்குவது என நிலைமாறியது. அதனை ஆக்கும் பரம்பரையலகு 17ஆம் நிறமூர்த்தத்தின் குறும்புயத்தில் உள்ளது. ஆய்வாளருக்கு இப்பொழுது ஒரு சூத்திரம் கிட்டியது: இழக்கப்பட்ட துண்டைக் காண்க, பல நோயாளரில் பொதுவாக இழக்கப்படும் மிகச் சிறிய பகுதியை வரையறுக்க, எஞ்சிய பிரதியிலும் பழுதுற்றிருக்கும் பரம்பரையலகைத் தேடுக. 1994இல் 9ஆம் நிறமூர்த்தத்தின் குறும்புயத்தில், குழந்தைகளைத் தாக்கும் கடுநிலை நிணக்குழிய வெண்குருதிப் புற்றுநோயில் அடிக்கடி இழக்கப்படும் பகுதியிலிருந்து, கலவட்டத்தைத் தடுக்கும் ஒரு பரம்பரையலகு கண்டறியப்பட்டமை இச்சூத்திரத்துக்குக் கிட்டிய வெற்றியாகும்.

5

ஆயினும் குருதிப் புற்றுநோய்கள் இச்சூத்திரத்துக்கு எளிதில் அடங்கவில்லை. இதற்கு இரு சான்றுகள் காட்டலாம்.

முதலாவது, முதியோரைத் தாக்கும் நாட்பட்ட நிணக்குழிய வெண்குருதிப் புற்றுநோய். மேலைநாடுகளில் மிகப் பரவலாகவும் ஆசிய மக்களிடையே அரிதாகவும் காணப்படும் இந்நோயின் கலங்கள் ஆய்வுகூடத்தில் எளிதிற் பிரிவதில்லை. பிரியாத கலத்தில் நிறமூர்த்தங்கள் தெரிவதில்லை. எனவே நெடுங்காலம் பெரும்பாலான நோயாளரின் நிறமூர்த்தங்கள் வழமையானவை எனவே பதிவாயின. ஒளிரும் சாயமேற்றிய டி.என்.ஏ. துண்டுகளைக் கொண்டு பிரியாத கலத்தின் கருவிலேயே இழப்பைக் காணும் முறை வந்த பின்னர் நிலைமை மாறியது. ஜேர்மனியில் 325 நோயாளரை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், 55 சதவீதத்தினரில் 13ஆம் நிறமூர்த்தத்தின் நெடும்புயத்திலும், 18 சதவீதத்தினரில் 11ஆம் நிறமூர்த்தத்திலும், 7 சதவீதத்தினரில் 17ஆம் நிறமூர்த்தத்தின் குறும்புயத்திலும் இழப்புக் காணப்பட்டது. 13இல் மட்டும் இழப்புற்றோரின் இடைநிலை ஆயுள் 133 மாதங்கள். 17இல் இழப்புற்றோருக்கு 32 மாதங்கள். ஒரே பெயர் கொண்ட நோயினால் ஒருவர் பத்தாண்டுக்கு மேல் வாழ மற்றவர் மூன்றாண்டுக்குள் இறப்பதற்கான விடை இங்கே பெரிதும் கிட்டிற்று. 17இன் துண்டோடு பி53 போய்விடுகிறது. அக்காலத்து மருந்துகள் பெரும்பாலும் பி53இன் வழியாகவே கலத்தைக் கொன்றன. ஆதலின் அவை பயனற்றுப் போயின.

13ஆம் நிறமூர்த்தத்தின் இழப்போ புதிராக நீடித்தது. விழித்திரைப் புற்றின் பரம்பரையலகும் அதே பகுதியில் இருந்தமையால் முதலில் அதன்மீதே ஐயம் விழுந்தது. ஆனால் பல நோயாளரில் அது பழுதின்றி இருக்க, அதற்கு அப்பாலுள்ள பகுதியே இழக்கப்பட்டிருந்தது. அப்பகுதியில் இருந்த பரம்பரையலகுகளைப் பல ஆய்வுகூடங்கள் ஒவ்வொன்றாகச் சோதித்தும், எஞ்சிய பிரதியில் பழுதுற்ற எதுவும் அகப்படவில்லை. 2002இல் ஜோர்ஜ் கலினும் கார்லோ குரோசேயும் காரணத்தை வெளியிட்டனர். அவர்கள் கண்டவை புரதத்தை ஆக்கும் பரம்பரையலகுகள் அல்ல. பிற பரம்பரையலகுகளின் செய்தியை அடக்கும் இரண்டு நுண் ஆர்.என்.ஏ.க்களே. இத்தகைய நுண் ஆர்.என்.ஏ. முதன்முதலில் 1993இல் ஒரு சிறு புழுவில் அறியப்பட்டது. அதற்காக விக்டர் அம்ப்ரோசுக்கும் கரி ருவ்குனுக்கும் 2024இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. பரம்பரையலகு என்றால் புரதத்தை ஆக்குவது என்னும் முற்கோளே ஆய்வாளரின் கண்ணை மறைத்திருந்தது. தேடியது அவர்கள் கையிலேயே இருந்தது. அதனை அடையாளங்காணும் கருத்தே இல்லாதிருந்தது.

இவ்விரு நுண் ஆர்.என்.ஏ.க்களும் பிசிஎல்2 என்னும் புரதத்தைக் கட்டுப்படுத்துகின்றன எனவும், அவை இழக்கப்பட அப்புரதம் பெருகிக் கலத்தின் இயற்கை மரணத்தைத் தடுக்கிறது எனவும் 2005இல் காட்டப்பட்டது. அப்புரதத்தையே தாக்கும் வெனற்றோகிளாக்ஸ் என்னும் மருந்து 2016இல், 17ஆம் நிறமூர்த்தத் துண்டை இழந்த நோயாளருக்கென அமெரிக்காவில் முதல் அங்கீகாரம் பெற்றது. அம்மருந்து பி53இன் துணையை வேண்டாது கலத்தைக் கொல்வதே அதற்குக் காரணம்.

இரண்டாவது சான்று 5ஆம் நிறமூர்த்தம் பற்றியது. 1974இல் பெல்ஜியத்தின் லுவேன் நகரில் ஹேர்மன் வான் டென் பேர்க் குழுவினர், 5ஆம் நிறமூர்த்தத்தின் நெடும்புயத்தில் ஒரு பகுதியை இழந்தோரிடம் காணப்படும் தனித்த என்புமச்சை நோயொன்றை விவரித்தனர். பெரும்பாலும் முதிய பெண்களைத் தாக்கும் அந்நோயில் கடும் குருதிச்சோகை உண்டாகிறது. குருதிச் சிறுதட்டுக்களோ குறைவதில்லை. இங்கு இழப்பு மெய்யான இழப்பே. துண்டு வேறெங்கும் ஒட்டியிருக்கவில்லை. ஆனால் முப்பது ஆண்டுகள் தேடியும், எஞ்சிய பிரதியில் பழுதுற்ற பரம்பரையலகு அப்பகுதியிற் கிட்டவில்லை. நட்சனின் இரண்டாவது தாக்கம் அங்கு நிகழவேயில்லை.

2008இல் பெஞ்சமின் ஈபேட் முதலானோர் வினாவையே மாற்றினர். எஞ்சிய பிரதி பழுதுற்றதா என்று கேளாது, ஒவ்வொரு பரம்பரையலகின் அளவையும் பாதியாகக் குறைத்தால் என்ன நிகழும் எனச் சோதித்தனர். பொதுவாக இழக்கப்படும் பகுதியிலுள்ள நாற்பது பரம்பரையலகுகளையும் ஒன்றன்பின் ஒன்றாக அடக்கிப் பார்த்தபோது, இறைபோசோமின் ஓர் உறுப்பாகிய புரதத்தை ஆக்கும் பரம்பரையலகு குறைந்த நிலையில் மட்டும் செங்குழிய ஆக்கம் நின்றது. முழு இழப்பு வேண்டியதில்லை. பாதி இழப்பே நோயாகலாம் என்பது இதனாற் பெறப்பட்ட முடிவு. நட்சனின் கோட்பாடு இதனாற் பொய்த்துவிடவில்லை. அதன் எல்லை வரையறுக்கப்பட்டது. விஞ்ஞானக் கோட்பாடுகள் பெரும்பாலும் இவ்வாறே வளர்கின்றன.

இந்நோய்க்கான மருந்தின் கதையோ இன்னும் விந்தையானது. பிறவிக் குறைபாடுகளை உண்டாக்கியமையால் 1961இல் சந்தையிலிருந்து விலக்கப்பட்ட தலிடோமைட்டின் வழிவந்த லெனலிடோமைட்டு என்னும் மருந்து, காரணம் தெரியாமலே 5ஆம் நிறமூர்த்த இழப்புற்றோருக்குப் பயன் தந்தது. 2006இல் வெளியான ஆய்வொன்றில் 148 நோயாளருள் 99 பேர் குருதி ஏற்றும் தேவையிலிருந்து விடுபட்டனர். காரணம் 2015இலேயே தெளிவாயிற்று. அம்மருந்து ஒரு குறிப்பிட்ட நொதியத்தை அழிக்கச் செய்கிறது. அந்நொதியத்தை ஆக்கும் பரம்பரையலகும் இழக்கப்படும் அதே துண்டில் உள்ளது. எனவே நோயுற்ற கலத்தில் அந்நொதியம் ஏற்கெனவே பாதியளவே உண்டு. மருந்து மீதியையும் அழிக்கக் கலம் மடிகிறது. இயல்பான கலம் தப்பிக்கொள்கிறது. நோய்க்குக் காரணமான இழப்பே நோய்க்கலத்தின் பலவீனமாகவும் அமைகிறது.

6

இவ்வரலாற்றில் எமது பிராந்தியத்தின் இடம் யாது? அமெரிக்க, ஐரோப்பிய ஆய்வுகூடங்களின் பெயர்களே மேலே மிகுந்துள்ளன என்பது உண்மை. ஆயினும் குழந்தைகளின் கடுநிலை வெண்குருதிப் புற்றுநோய்க்கு மருந்தினால் எதிர்நிற்கலாம் என்பதைக் காட்டிய மருந்தின் பின்னால் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற ஒருவர் இருந்தார். ஆந்திரத்தின் பீமாவரத்திற் பிறந்து, சென்னையிற் கல்வி கற்று, 1923இல் அமெரிக்கா சென்ற யெல்லப்பிரகட சுப்பாராவ் தலைமையிலான குழுவினர் லெடேளி ஆய்வுகூடத்தில் போலிக்கமிலத்துக்கு எதிரான பொருள்களை ஆக்கினர். அவற்றுள் ஒன்றாகிய அமினொப்றெரினைக் கொண்டு பொஸ்ரன் நகரின் சிட்னி பாபர் 16 குழந்தைகளுக்குச் சிகிச்சையளித்து, 10 பேரில் தற்காலிக முன்னேற்றம் கண்டதை 1948 ஜூனில் வெளியிட்டார். அவ்வாண்டு ஓகத்து மாதம் சுப்பாராவ் மறைந்தார். அவரது பெயர் அவரது பணிக்கு ஈடாக அறியப்படவில்லை.

1954இல் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாற்றில் தோன்றிய புற்றுநோய் நிலையம், 1980களின் நடுப்பகுதியில் பம்பாய், டெல்லி மருத்துவமனைகளோடும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவகத்தோடும் இணைந்து, குழந்தைகளின் கடுநிலை வெண்குருதிப் புற்றுநோய்க்கு ஒரே சிகிச்சைத் திட்டத்தைக் கடைப்பிடித்தது. பிழைக்கும் குழந்தைகளின் விகிதம் கணிசமாக உயர்ந்தது. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர், 15ஆம், 17ஆம் நிறமூர்த்தங்களின் இடமாற்றத்தால் உண்டாகும் வெண்குருதிப் புற்றுநோய்க்கு, விலை மிகுந்த மருந்துகளை விடுத்து ஆசெனிக்கு ஒட்சைட்டை மட்டும் கொண்டு 72 நோயாளருக்குச் சிகிச்சையளித்து, 86 சதவீதத்தினரில் முழுத் தணிவு கண்டதை 2006இல் வெளியிட்டனர். வறுமை விதித்த வரையறைக்குள்ளிருந்தே விஞ்ஞானத்துக்குப் புதிய அறிவு கிட்டியமைக்கு இது நல்ல எடுத்துக்காட்டாகும். இலங்கையில் 1983இல் கொழும்பு மருத்துவ பீடத்தில் மனிதப் பிறப்புரிமையியற் பிரிவு நிறுவப்பட்டமையும் இவ்வரலாற்றிற் சேரவேண்டியதே.

7

அறிவு உண்டாவது ஒன்று. அது நோயாளரை அடைவது வேறொன்று. பிலடெல்பியா நிறமூர்த்தத்தின் பின்வரலாறு இதற்குச் சான்று. இமற்றினிப்பின் ஒரு பளிங்கு வடிவத்துக்கு உரிமம் கோரி நொவாட்டிஸ் நிறுவனம் 1998இல் சென்னை உரிமக் காரியாலயத்தில் விண்ணப்பித்தது. அந்நிறுவனத்தின் மருந்து மாதமொன்றுக்கு ஏறத்தாழ 1,20,000 இந்திய ரூபாவுக்கும், இந்திய நிறுவனங்கள் ஆக்கிய அதே மருந்து ஏறத்தாழ 8,000 முதல் 10,000 ரூபாவுக்கும் விற்கப்பட்டன. புற்றுநோயாளர் சங்கமொன்றும் விண்ணப்பத்தை எதிர்த்தது. 2006இல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. 2007இல் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தின் ஏற்புடைமைக்கு எதிரான வழக்கைத் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்பிரல் 1ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றமும் நிறுவனத்தின் கோரிக்கையை மறுத்தது. அறியப்பட்ட ஒரு பொருளின் புதிய வடிவம், நோய்தீர்க்கும் ஆற்றலில் மேம்பாடு காட்டாவிடின் புதிய கண்டுபிடிப்பு ஆகாது என்பதே தீர்ப்பின் சாரம். 2015இல் உலகச் சுகாதார நிறுவனம் இமற்றினிப்பை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலிற் சேர்த்தது.

இவ்வழக்குக்கு நாற்பது ஆண்டுகளின் முன்னரே இதே வினாவை இலங்கையர் ஒருவர் எழுப்பியிருந்தார் என்பதை நாம் மறத்தலாகாது. மருந்தியற் பேராசிரியர் சேனக பிபிலே, வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் இணைந்து 1971இல் அளித்த அறிக்கையில், மருந்துகளை வணிகப் பெயரால் அன்றிப் பொதுப் பெயராற் கொள்வனவு செய்தல், தேவையற்ற மருந்துகளை நீக்கல், அரசே மொத்தமாக இறக்குமதி செய்தல் ஆகியவற்றை விதந்துரைத்தார். அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அதன் விளைவாகத் தோன்றியது. அவரே அதன் முதல் தலைவர். 1977இன் பின் திறந்த பொருளாதாரக் கொள்கையோடு அக்கொள்கை நலிவுற்றது. அவ்வாண்டு செப்ரெம்பரில் கயானாவில் பிபிலே காலமானார். அவரது சிந்தனை பிற நாடுகளின் மருந்துக் கொள்கைகளில் வாழ்ந்தது.

பிபிலேயின் வாதத்தை இன்று மருந்தோடு நிறுத்தாது பரிசோதனைக்கும் விரித்தல் வேண்டும். முன்னர்க் காட்டியவாறு, 17ஆம் நிறமூர்த்தத்தின் துண்டை இழந்தவருக்குப் பழைய மருந்துகளை அளிப்பது அவரது உடலை வருத்துமேயன்றி நோயைத் தணிக்காது. அவ்விழப்பை அறியாமற் சிகிச்சை தொடங்கின், செலவிட்ட பணமும் காலமும் வீணாகும். 5இல் இழப்புற்ற மூதாட்டிக்கு அதனை அறியாவிடின், குருதி ஏற்றுவதைத் தவிர வேறு வழி தோன்றாது. ஆகவே நிறமூர்த்தப் பரிசோதனை வசதியுள்ளோருக்கான மேலதிகச் சேவையன்று; சரியான சிகிச்சையின் முதற்படியாகும். இலவச வைத்தியத்தைத் தனது சாதனையாகக் கொண்ட ஒரு நாட்டில், அதனைப் பொதுச் சுகாதார சேவையின் உரிமையாகக் கோருவது மிகையன்று.

8

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் மூன்று உண்மைகள் புலனாகும். முதலாவது, கோட்பாடும் கருவியும் ஒன்றையொன்று உந்தியே முன்னேறுகின்றன. பொவெரிக்குக் கருத்து இருந்தது, கருவி இல்லை. 13ஆம் நிறமூர்த்தத்தை ஆராய்ந்தோருக்குக் கருவி இருந்தது, கருத்து இல்லை. இரண்டாவது, ‘இழப்பு’ என்னும் ஒரே சொல்லின் பொருள் காலந்தோறும் மாறியது. அது முதலில் இடமாற்றமாயிற்று. பின் இரு பிரதிகளின் இழப்பாயிற்று. பின் பாதி இழப்பாயிற்று. புரதமே ஆக்காத ஒன்றின் இழப்புமாயிற்று. வினாவை மாற்றத் துணிந்தோரே விடையைப் பெற்றனர். மூன்றாவது, அறிவின் பயன் தானாக மக்களைச் சென்றடைவதில்லை. சட்டமும் கொள்கையும் மக்களின் கோரிக்கையுமே அதனைக் கொண்டு சேர்க்கின்றன.

இவ்விடத்தில் மொழி பற்றியும் ஒன்று கூறல் தகும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க வைத்தியர், மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பிக்க முடியும் என்பதை மாணவரைப் பயிற்றியும் நூல்களை ஆக்கியும் நிறுவினார். அவர் காலத்துத் தமிழ் உடற்கூற்றையும் இரண வைத்தியத்தையும் தாங்கிற்று. எமது காலத்துத் தமிழ் நிறமூர்த்தத்தையும் நுண் ஆர்.என்.ஏ.யையும் தாங்க வேண்டும். மகரகமவில் தனது பரிசோதனை அறிக்கையைக் கையிற் பெறும் முகத்துவாரத்துத் தொழிலாளி, தன் உடலில் இழக்கப்பட்டது எது, அதனால் தனக்கு உரிய சிகிச்சை எது எனத் தன் மொழியிற் கேட்கவும் விளங்கிக்கொள்ளவும் கூடிய நிலை வரும்போதே இவ்வரலாறு எமக்கும் உரிய வரலாறாகும். அந்நிலையை உருவாக்கும் பொறுப்பில் மருத்துவருக்கும் ஆட்சியாளருக்கும் உள்ள பங்கு, பல்கலைக்கழகத்திற் பயிலும் எமக்கும் உண்டு.